'அவசரம் லேது': ஒரு சொல் குழுவுக்குள் வழிதவறும் விதம்

ஆரம்பாக்கம் தாண்டினால் தடா. தேசிய நெடுஞ்சாலை 16-இல் தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்குகிற இடம். அங்கிருந்து சத்தியவேடு வரை உள்ள தொழிற்சாலைகளுக்குக் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை பக்கத்துத் தமிழர்கள் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். சூலூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை பக்கத்திலிருந்து தெலுங்கர்கள் வருகிறார்கள். இருவரும் ஒரே லைனில் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஒரு பேட்ச் கெட்டுப்போனால் காரணம் கேட்கிற இடத்தில் பெரும்பாலும் வருகிற பதில், "லாங்வேஜ் பிராப்ளம்". அத்தோடு கோப்பு மூடப்படும்.

அந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதி, சிறு குழுக்களில் தகவல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. அது தெரியாததால்தான் அதே தவறு மாதாமாதம் திரும்ப வருகிறது.

எந்தக் கம்பெனியையும் சுட்டாமல் ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். காருக்கான ஒயரிங் ஹார்னஸ் (மின்கம்பிக் கட்டு) கட்டும் லைன். எட்டுப் பேர். பழைய மாடலில் கனெக்டரின் கழுத்தில் ஃபோம் டேப் சுற்ற வேண்டும். அன்று வந்த புது மாடலுக்கு அது கிடையாது. தெலுங்கு சூப்பர்வைசர் அடுத்த லைனுக்கு நடந்துகொண்டே, "தீனிகி டேப் அவசரம் லேது" என்கிறார். லைன் லீடரான தமிழ்ப் பெண், "சரி சார்" என்கிறார்.

தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. "இதற்கு டேப் தேவையில்லை" என்று அவர் சொன்னார். "டேப்புக்கு இப்போது அவசரமில்லை" என்று இவர் எடுத்துக்கொண்டார். காலை முழுவதும் டேப் இல்லாமல் பீஸ்களை அடுக்கி வைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரைத் தனியாக உட்காரவைத்து, 200 பீஸுக்கும் மடிப்பு விழாமல், ஓரம் பிரியாமல் டேப் சுற்றி முடித்தார்கள். தரம் பார்க்கும் பிரிவான க்யூசி அத்தனையையும் திருப்பி அனுப்பியது.

இதில் யாரும் சோம்பி இருக்கவில்லை. கூடுதலாக உழைத்துத்தான் தவறு நடந்திருக்கிறது. "நான் சொன்னேனே" என்பார் சூப்பர்வைசர். "நீங்க சொன்னபடிதானே செஞ்சோம்" என்பார் லைன் லீடர். இருவர் சொல்வதும் உண்மை.

சொன்னவருக்கு மட்டும் கேட்கிற பாட்டு

பேச்சு என்பது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பொருளை மாற்றுவது போன்றது என்றே நாம் நினைக்கிறோம். சொல்லிவிட்டால் சேர்ந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து புறப்படுவது ஒலி மட்டுமே. பொருளைக் கேட்பவர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற சரக்கை வைத்துத் தானே உண்டாக்கிக்கொள்கிறார்.

1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த சோதனை இதை நன்றாகக் காட்டும். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனத்துக்குள் பாடியபடி மேசையில் தாளம் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டியவர்களோ, பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். தட்டுகிறவர் காதுக்குள் பாட்டு முழுதாக ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்கு வெறும் டொக் டொக். தான் கேட்பது எதிராளிக்குக் கேட்கவில்லை என்பதைத் தட்டுகிறவரால் உணர முடிவதில்லை.

புது மாடலின் டிராயிங்கை முந்தின நாள் மீட்டிங்கில் பார்த்துவிட்டு வந்த சூப்பர்வைசர், பாட்டைக் காதுக்குள் வைத்துக்கொண்டு தட்டுகிறவர். லைனுக்கு வந்து சேர்ந்தது நான்கு சொல்.

இங்கே மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் மேலே படிக்க எளிது.

1. தகவல்: சொல்பவர் மனத்தில் இருப்பது. மேலே உள்ள காட்சியில், 'புது மாடலுக்கு டேப் கிடையாது'.
2. இரைச்சல்: வழியில் அதைக் கெடுக்கும் எதுவும். கம்ப்ரசர் சத்தம் மட்டும் இரைச்சல் இல்லை. நடந்துகொண்டே பேசுவது, இரண்டு மொழியில் இரண்டு பொருள் தரும் சொல், கேட்டால் திட்டுவாரோ என்ற பயம் எல்லாமே இரைச்சல்தான்.
3. மறுமொழி: என்ன போய்ச் சேர்ந்தது என்று சொன்னவருக்குத் திரும்பத் தெரிய வருவது. பெரும்பாலான குழுக்களில் அறுந்து கிடப்பது இந்த மூன்றாவது கண்ணிதான்.

தெரிந்த சொல்தான் ஏமாற்றும்

எல்லையோரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. ஒடிசா, பீகார் பையன்களுக்கு வேலை சொல்லும்போது பெரிய தவறு வருவது குறைவு. அவர்களுக்கு நம் பேச்சு புரியாது என்று நமக்குத் தெரியும். அதனால் பீஸைக் கையில் எடுத்து, செய்துகாட்டி, அவர்களைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறோம்.

தமிழுக்கும் தெலுங்குக்கும் இடையில் அந்தக் கவனம் வராது. பாதிச் சொல் இரண்டிலும் இருக்கிறது. முழுக்கத் தெரியாத சொல் காதில் விழுந்தால், "என்ன சொன்னீங்க?" என்று கேட்போம். தெரிந்த சொல்லைக் கேட்டால் கேள்வியே எழாது.

'அவசரம்' அப்படிப்பட்ட சொல். 'தொந்தரகா' என்றால் தெலுங்கில் சீக்கிரமாக. தமிழ்க் காதுக்கு அது 'தொந்தரவா' என்று விழுந்தால், ஏதோ தொல்லை என்று சொல்கிறார் எனத் தோன்றும். 'சாலா' என்றால் நிறைய, 'சாலு' என்றால் போதும். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு கடைசி உயிரொலி. மோட்டார் ஓடுகிற இடத்தில் முதலில் காணாமல் போவதும் அந்தக் கடைசி ஒலிதான். பசை எவ்வளவு வைப்பது என்று கேட்டு நிற்கிற ஆபரேட்டருக்கு 'நிறைய' என்பதும் 'போதும்' என்பதும் ஒரே மாதிரி கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

'சரி'யில் எத்தனை சரி

மறுமொழிக் கண்ணி அறுந்து கிடப்பதை மூடி மறைக்கிற சொல் ஒன்று உண்டு. தமிழில் 'சரி', தெலுங்கில் 'சரே'. உச்சரிப்பும் வேலையும் கிட்டத்தட்ட ஒன்று. லைனில் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லப்படும் இந்தச் சொல்லுக்குக் குறைந்தது ஐந்து பொருள்:

1. நீங்கள் பேசியது காதில் விழுந்தது.
2. நீங்கள் சொன்னது புரிந்தது.
3. நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.
4. நீங்கள் சொன்னபடி செய்துவிடுகிறேன்.
5. பேச்சை முடித்துக்கொள்வோம், வேலை கிடக்கிறது.

உத்தரவு சொன்னவர் எப்போதும் நான்காவதாக எடுத்துக்கொள்கிறார். 'சரி' சொல்கிறவர் பல சமயம் முதலாவதையோ ஐந்தாவதையோ சொல்லியிருப்பார்.

இது தொழிற்சாலைச் சிக்கல் மட்டும் இல்லை. விமானப் போக்குவரத்து வரலாற்றில் அதிக உயிர்களைப் பறித்த விபத்தின் நடுவிலும் இப்படி ஒரு 'சரி' இருக்கிறது. 1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் உள்ள டெனரீஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். அடர்ந்த மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள்: புறப்படக் காத்திருந்த நெதர்லாந்து நிறுவனமான கேஎல்எம்மின் விமானம், இன்னும் பாதையை விட்டு விலகாத அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் விமானம். கேஎல்எம் துணை விமானி, "இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் சொன்னார். புறப்படும் இடத்தில் காத்து நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. உண்மையில் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. அவருடைய தாய்மொழியான டச்சின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது என்பது மொழியியலாளர் சிலரின் விளக்கம். சொல் ஒன்று, மொழி இரண்டு. நம் 'அவசரம்' போலத்தான்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த பதில் "ஓகே" என்று தொடங்கியது. "காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்பது அதற்குப் பின்னால் வந்தது. அதே நொடியில் பான் ஆம் விமானமும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று அதே அலைவரிசையில் பேசியது. இரண்டும் மோதிக் கீச்சென்ற ஒலியாயின. கேஎல்எம் அறைக்குள் தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டும். 583 பேர் இறந்தார்கள்.

அதன்பின் விமானப் பேச்சுமொழி இறுக்கப்பட்டது. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் சொல்லக் கூடாது. முக்கியமான உத்தரவுக்கு 'ஓகே' பதிலாகாது. உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகத் திரும்ப வந்ததா என்று கேட்டுச் சரிபார்ப்பது கட்டுப்பாட்டாளரின் கடமை. சொன்னதோடு பொறுப்பு முடிவதில்லை. அது சரியாகத் திரும்ப வரும் வரை சொன்னவரிடமே இருக்கிறது. நம் லைன்களில் இந்தப் பொறுப்பு அப்படியே தலைகீழாக, கேட்டவர் தலையில் கிடக்கிறது.

யார் யாரிடம் பேச முடிகிறது

அடுத்து அமைப்பு. ஐந்து பேர் குழுவில் இருவர் இருவராகப் பேசக்கூடிய வழிகள் 10. எட்டுப் பேர் என்றால் 28. பன்னிரண்டு பேர் என்றால் 66. நாலு பேரைக் கூடச் சேர்த்தால் பேச்சு வழி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. எல்லா வழியும் திறந்திருந்தால் வேலை நடக்காது என்று பயந்து, எல்லாம் லைன் லீடர் வழியாகவே போகட்டும் என்று வைக்கிறோம்.

அது நல்லதா என்பதை அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹெரால்ட் லெவிட் சோதித்துப் பார்த்து 1951-இல் வெளியிட்டார். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு அட்டை. அதில் சில குறிகள். ஐவர் அட்டையிலும் பொதுவாக இருக்கும் குறி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நேரில் பேசக் கூடாது, சீட்டு எழுதி அனுப்பலாம். யார் யாருக்கு அனுப்பலாம் என்பதைக் குழுவுக்குக் குழு மாற்றி வைத்தார். சக்கர அமைப்பில் எல்லாச் சீட்டும் நடுவில் இருப்பவரிடம் போகும். வட்ட அமைப்பில் ஒவ்வொருவரும் இரண்டு பக்கத்தவரிடமும் பேசலாம். சக்கரம் சிக்கனமாக வேலை செய்தது, தவறும் குறைவு. வட்டத்தில் சீட்டுகள் குவிந்தன, தவறும் கூடுதல். ஆனால் வேலை பிடித்திருந்தது வட்டத்தில் இருந்தவர்களுக்கு. சக்கரத்தின் ஓரத்தில் இருந்தவர்கள் சலித்துப்போனார்கள்.

இத்தோடு நிறுத்தினால் சக்கரமே மேல் என்று தோன்றும். எம்ஐடி ஆய்வாளர்கள் அடுத்து அட்டைக்குப் பதில் கோலிக் குண்டுகளைக் கொடுத்தார்கள். தனி நிறக் குண்டு இல்லை. நிறம் கலங்கி, புகைபடர்ந்த குண்டுகள். ஒருவர் பச்சை என்பதை இன்னொருவர் நீலம் என்பார். இங்கே வட்டத்தில் இருந்தவர்கள் பேசிப் பேசி, குண்டுகளுக்குப் பொதுப்பெயர் உண்டாக்கி, தவறுகளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். சக்கரத்தில் இருந்தவர்களால் அது முடியவில்லை. ஓரத்தில் இருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பெயரை ஒத்துப்பார்க்க வழியே இல்லை.

தொழிற்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. எண்ணிக்கை, டார்கெட், வருகைப்பதிவு எல்லாம் தனி நிறக் குண்டு. லைன் லீடர் வழியாகப் போனால் போதும். புது மாடல் வந்த நாள், ரிஜெக்‌ஷன் ஏறிய நாள், கலங்கிய குண்டு. ஒருவர் 'கீறல்' என்பதை இன்னொருவர் 'கோடு' என்பார், தெலுங்குப் பெண் 'கீத' என்பார், க்யூசி 'ஸ்க்ராட்ச்' என்று எழுதும். நகத்தால் தேய்த்தால் போகிற கோடும் போகாத கோடும் ஒன்றா என்று அவர்களே உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். அந்த நாளில் பேச்சை நடுவிலிருக்கும் ஒருவர் வழியாக மட்டும் விடுவது தவறு.

பாலமாக நிற்பவர்

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு ஆளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சத்தியவேடு, நாகலாபுரம், நகரி பக்கத்தில் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்தவர்கள் நிறைய. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி மாநில எல்லை மாற்றி வரையப்பட்டுத் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தபோது கோடு நகர்ந்தது, வீட்டுப் பேச்சு நகரவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் ஒருவர் லைனில் இருந்தால், அறிவிக்கப்படாமலே அவர்தான் மொழிபெயர்ப்பாளர்.

குழுவில் உண்மையான தகவல் மையம் அவர்தான். பதவிப்பட்டியலில் அவர் பெயர் கடைசியில் இருக்கும். இதனால் மூன்று விளைவுகள். ஒன்று, அவர் லீவு போட்ட நாளில் தவறுகள் கூடும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு, தன் டார்கெட்டையும் முடித்துக்கொண்டு மற்றவர்களுக்கும் சொல்லித் தர வேண்டியிருப்பதால் அவர் கை எண்ணிக்கை குறையும், அதற்குத் திட்டும் வாங்குவார். மூன்று, திட்டை அப்படியே மொழிபெயர்க்க மனம் வராமல் மென்மையாக்கிச் சொல்வார். அதில் எச்சரிக்கையும் கரைந்துபோகும். இந்த வேலைக்கு ஒரு பெயரும் ஒரு படித்தொகையும் கொடுக்காமல் இருப்பது அநியாயம்.

ஏன் திருப்பிக் கேட்கவில்லை

லைன் லீடருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். பழைய மாடலில் முதலில் சுற்றிய டேப்பை இன்று ஏன் கடைசியில் சுற்றச் சொல்கிறார்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

டெனரீஃபிலும் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. கேஎல்எம் விமானத்தின் ஃபிளைட் எஞ்சினியர், அந்தப் பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்ற பொருளில் கேப்டன் அழுத்தமாகப் பதில் சொன்னார். அந்த நிறுவனத்திலேயே மிக மூத்த விமானிகளில் ஒருவர் அவர். மறுபடி யாரும் கேட்கவில்லை.

மறுபடி கேட்பதற்கு விலை உண்டு. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் அடுத்த மாதம் பெயர் பட்டியலில் இருக்குமா என்ற பயம். எல்லோர் முன்னாலும் "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அந்த லைனில் அடுத்த மூன்று மாதத்துக்கு எல்லாப் பதிலும் 'சரி'தான்.

அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகள் கூடுதலாக நடக்கவில்லை, மறைக்கப்படாமல் வெளியே வந்தன என்பது அவருடைய விளக்கம். பின்னர் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார். கேட்டால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை உள்ள குழு கற்றுக்கொள்கிறது, கற்றுக்கொள்கிற குழு நன்றாக வேலை செய்கிறது என்பது அதன் சாரம். ஆகவே ஒரு லைனிலிருந்து மாதக்கணக்கில் ஒரு சந்தேகமும் வரவில்லை என்றால் மேனேஜர் மகிழக் கூடாது, பதற வேண்டும்.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனையிலிருந்து ஒரு செய்தியும் இங்கே உதவும். மற்ற எல்லோரும் கண்ணெதிரே தவறான பதிலைச் சொல்லும்போது மூன்றில் ஒரு பங்கு முறை மனிதர்கள் தவறோடு ஒத்துப்போனார்கள். குழுவில் இன்னும் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னால் அது வெகுவாகக் குறைந்தது. பக்கத்தில் நிற்கிற அக்கா, "எனக்கும் புரியலை சார்" என்று சொல்வதற்கு அவ்வளவு பலம்.

ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடம்

இதுவரை சொன்ன எல்லாக் குறையும் ஒன்றுகூடுவது ஷிஃப்ட் மாறும்போது. ஒரு குழு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறது, இன்னொன்று பஸ்ஸை விட்டு இறங்குகிறது. 1988 ஜூலை 6-ஆம் தேதி வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்ததற்கான காரணங்களில் ஒன்று, ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேராதது. அந்தப் பம்ப்பை அவர்கள் ஓட்டினார்கள்.

இப்போது இந்த வேலையை வாட்ஸ்அப் குழுவிடம் விட்டுவிட்டோம். நீல டிக் இன்னொரு 'சரி', அவ்வளவுதான். போன் திறந்திருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

செய்யக்கூடியவை

1. சொல்பவர் நிற்க வேண்டும். நடந்துகொண்டே சொன்ன உத்தரவு உத்தரவாகாது.
2. வேலை மாறுகிறது என்றால் மாதிரி பீஸ் ஒன்றை லைனில் கட்டித் தொங்கவிட வேண்டும். டேப் இல்லாத ஒரு கனெக்டர் கண்ணெதிரே இருந்தால் எந்த மொழியும் வேண்டாம்.
3. ஏமாற்றும் சொற்களின் பட்டியலை லைனில் இருப்பவர்களே எழுதி மாட்ட வேண்டும். 'அவசரம்', 'சாலு' போன்றவற்றை உத்தரவில் சொல்லவே கூடாது என்று வைத்துக்கொள்ளலாம்.
4. ஷிஃப்ட் தொடக்கத்தில் எல்லோரும் தம் பெயரையும் அன்று நிற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், குழுவினர் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்வதும் உண்டு. ஒரு முறை வாய் திறந்தவருக்கு இரண்டாம் முறை திறப்பது எளிது.
5. கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் கேட்க வேண்டும்.

ஐந்தாவதற்கு நேரம் இல்லை என்பார்கள். திருப்பிச் சொல்ல 15 நொடி. 200 பீஸில் டேப்பைப் பிரித்து, பசையைத் துடைக்கப் பீஸுக்கு 2 நிமிடம் என்றால் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானிகள் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்கிறார்கள். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நம் லைனில் அப்படி இல்லை. லைன் லீடர் "டேப் அவசரம் லேது, சரி சார்" என்று கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லியிருந்தால் சூப்பர்வைசர் திருப்தியோடு போயிருப்பார், 200 பீஸும் அப்படியே கெட்டிருக்கும். தன் சொல்லில், செய்யப்போகிற வேலையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்:

"தீனிகி டேப் அவசரம் லேது."

"டேப் அப்புறமா சுத்திக்கலாம், சரியா சார்?"

"காது காது (இல்லை இல்லை). டேப்பே வத்து (வேண்டாம்)."

"ஓ, டேப்பே வேணாமா? வெறும் கனெக்டராவே பாக்ஸ்ல வச்சிடறோம்."

"அவுனு (ஆமாம்)."